தந்தையின் பெயரில் இருந்த கார்: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனிநபர் விற்பனை குறித்த நிகழ்வு ஆய்வு

பழைய காரைத் தனிநபரிடமிருந்து நேரடியாக வாங்க முனைவோர் பெரும்பாலும் என்ஜினைப் பற்றியே அஞ்சுகின்றனர். வாகனக் காப்பீட்டு இழப்பீடுகளை மதிப்பிடும் பணியில் இருக்கும் நான் பார்த்த அளவில், என்ஜின் பழுதால் பணத்தை இழந்தவர்களைவிட, விற்கும் உரிமை இல்லாதவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பெயர் மாற்ற முடியாமல் தவிப்பவர்களே அதிகம். என்ஜினைப் பிரித்து வேலை பார்த்துவிடலாம். உரிமையில் உள்ள குறையைச் சரிசெய்யப் பிறருடைய கையொப்பம் வேண்டும், அவர்கள் அதைத் தருவார்கள் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இங்கே விவரிக்கும் கொள்முதலில் அந்தக் குறை பணம் கைமாறுவதற்கு முன்பே தெரியவந்தது, முறையாகத் தீர்க்கவும் பட்டது. அது நடந்த விதத்தைப் பதிவு செய்வது இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

வாங்கியவர் கிருஷ்ணகிரி நகரில் வசிக்கும் என் உறவினர். பர்கூர்ப் பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருக்கிறார். வயதான தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், மழைக்காலத்தில் பள்ளிக்குச் சென்று வரவும் ஒரு சிறிய பெட்ரோல் கார் தேவைப்பட்டது. மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் அவரால் செலவிட இயலாது. பழைய கார் விற்கும் கடைகளையும் அவர் பார்த்தார். அங்கே வண்டியின் விலையில் கடைக்காரரின் லாபமும், 2025 ஜனவரி முதல் அந்த லாபத்தின் மீது விதிக்கப்படும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்துவிடுகின்றன. தன் சொந்தக் காரை விற்கும் சாதாரண மனிதருக்கு அந்த வரி இல்லை. ஆனால் விலையைவிட என் உறவினரை ஈர்த்தது வேறொன்று: வண்டியை ஓட்டியவரின் முகத்தைப் பார்த்து, அது எப்படிப் பயன்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்ற எண்ணம். அது நியாயமான எண்ணமே. அதே வேளையில், கடைக்காரர் செய்ய வேண்டிய சரிபார்ப்பு முழுவதும் வாங்குபவரின் தோளில் விழுகிறது என்பதை அவரிடம் முதலிலேயே சொன்னேன்.

கைவிட்ட இரண்டு வண்டிகள்

இந்தப் பகுதியில் பழைய கார் தேடுபவருக்குக் கிருஷ்ணகிரியின் டி.என். 24, தருமபுரியின் டி.என். 29, ஓசூரின் டி.என். 70 ஆகிய பதிவுகளோடு, பெங்களூரு பக்கத்தில் இருப்பதால் கே.ஏ. பதிவு கொண்ட வண்டிகளும் கண்ணில் படும். ஓசூரில் பார்த்த அத்தகைய ஒரு வண்டி, அதே வயதுடைய தமிழ்நாட்டுப் பதிவு வண்டியைவிட ஏறத்தாழ 50,000 ரூபாய் குறைவான விலைக்கு வந்தது. அந்த விலைக் குறைவு உண்மையானதன்று. கர்நாடகத்தில் பதிவான வண்டியைத் தமிழ்நாட்டில் நிலையாக வைத்துக்கொள்ள, அங்குள்ள பதிவு அலுவலகத்தில் படிவம் 28 வழியாகத் தடையின்மைச் சான்று பெற வேண்டும். இங்கே வண்டியின் வயதுக்கு ஏற்பக் கணக்கிடப்படும் வாழ்நாள் வரியைக் கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியின் எஞ்சிய பங்கைத் திரும்பப் பெறத் தனியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். வேறு மாநிலப் பதிவெண்ணுடன் ஒரு வண்டி ஓராண்டுக்கு மேல் இங்கே இருந்தால் புதிய பதிவெண் பெற்றாக வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. அந்த வண்டியின் மீது போக்குவரத்து அபராதங்களும் கட்டப்படாமல் இருந்தன. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது 50,000 ரூபாய் கரைந்துவிட்டது.

இரண்டாவது வண்டி அரூரில் இருந்தது. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வெள்ளத்தில் மூழ்கிய அதே வகை வண்டிகள் இன்னும் சில ஆண்டுகள் கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய இந்த இரு மாவட்டங்களிலும் சுற்றிக்கொண்டிருக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சமாக வந்த மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. சாலையோரம் நின்ற வேன்களும் கார்களும் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வண்டியை முழு இழப்பாகக் கருதுவது காப்பீட்டுத் துறையின் வழக்கம். அப்படிக் கழிக்கப்பட்ட வண்டிகள் எல்லாம் உடைப்புக்குப் போய்விடுவதில்லை. சில வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு, இருக்கைத் துணி மாற்றப்பட்டு, மீண்டும் விற்பனைக்கு வருகின்றன.

அரூர் வண்டி வெளியே பளபளப்பாகவே இருந்தது. இருக்கைப் பட்டையை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்தபோது, கடைசி ஒரு முழத்தில் செம்மண் கறை தெரிந்தது. ஸ்டெப்னி வைக்கும் குழியின் ஓரத்தில் வண்டல் படிந்திருந்தது. இருக்கை நகரும் தண்டவாளத்தில் அந்த வயதுக்குப் பொருந்தாத துரு இருந்தது. காப்பீட்டு ஆவணம் மேலும் தெளிவாகப் பேசியது. இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தள்ளுபடி 20 சதவீதத்தில் தொடங்கி ஆண்டுக்காண்டு உயர்ந்து 50 சதவீதம் வரை செல்லும். ஒருமுறை சொந்தச் சேதத்துக்கு இழப்பீடு பெற்றால் அடுத்த ஆண்டு அது சுழியத்துக்கு இறங்கிவிடும். ‘ஒரு சிராய்ப்புகூட விழாத வண்டி’ என்று சொல்லப்பட்ட அந்தக் காரின் அண்மைய காப்பீட்டில் தள்ளுபடி சுழியமாக இருந்தது. காற்றுப்பையை இயக்கும் மின்னணுப் பெட்டி பெரும்பாலான கார்களில் நடுப்பகுதியில், தரையை ஒட்டியே பொருத்தப்பட்டிருக்கும். வெள்ளம் புகுந்த வண்டியில் அது தேவைப்படும் நொடியில் இயங்குமா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் விலை பேசும் கட்டத்துக்கே நாங்கள் போகவில்லை.

போச்சம்பள்ளி வண்டி

மூன்றாவதாகப் பார்த்தது போச்சம்பள்ளிக்கு அருகே ஒரு கிராமத்தில் இருந்த 2016ஆம் ஆண்டு மாருதி வேகன் ஆர். 998 சி.சி. பெட்ரோல் என்ஜின், மீட்டரில் 58,000 கிலோமீட்டர், கேட்ட விலை 3,40,000 ரூபாய். அந்த ஆண்டு வண்டிகளில் காற்றுப்பையும், திடீரெனப் பிடிக்கும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் விருப்பத் தேர்வாகவே கிடைத்தன. ஓட்டுநர் காற்றுப்பை எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். இந்த வண்டியை முதலில் வாங்கியவர் கூடுதல் பணம் கொடுத்து இரண்டையும் பெற்றிருந்தார். வயதான தாயாரை ஏற்றிச் செல்லப் போகும் வண்டி என்பதால் இதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன். இவை இல்லாத வண்டி 30,000 ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

பேசியவர் முப்பது வயதுக்குட்பட்ட இளைஞர். பணிவானவர், எதையும் மறைக்கும் எண்ணம் உடையவராகத் தெரியவில்லை. வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பார்த்தபோது அதில் அவருடைய தந்தையின் பெயர் இருந்தது. தந்தை ஒன்றரை ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது. என் உறவினர் தயங்கியதைப் பார்த்த இளைஞர், “அப்பா இருக்கும்போதே கையெழுத்துப் போட்டு வெச்ச ஃபார்ம் இருக்குங்க சார், அதுல தேதி மட்டும் போட்டா போதும்னு ஏஜென்ட் சொல்றாரு” என்றார்.

அவர் சொன்னது படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றை. பெயர் மாற்றத்துக்கான இந்தப் படிவங்களில் வெற்றுக் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் நெடுங்காலமாக ஊறிப்போன பழக்கம். உயிரோடு இருப்பவரின் வெற்றுக் கையொப்பமே ஆபத்தானது. இறந்தவரின் கையொப்பத்தின் மேல் அவர் இறந்த பிறகான தேதியைப் போடுவது மோசடி. அதை அந்த இளைஞர் உணர்ந்திருக்கவில்லை. பதிவேட்டில் இருந்த கைபேசி எண் தந்தையுடையது, அதுவும் செயலற்றுப் போயிருந்தது. ஆகவே இணையவழி விண்ணப்பத்துக்கான ஒருமுறைக் கடவுச்சொல்லையும் பெற இயலாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் படிவத்தை நம்பி வாங்கியிருந்தால், பின்னாளில் குடும்பத்தில் யாரேனும் ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்தாலும் என் உறவினரின் உரிமை நிலைக்காது.

உரிமையாளர் இறந்தால் செய்ய வேண்டியதை மத்திய மோட்டார் வாகன விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. வண்டியை வைத்திருக்கும் வாரிசு 30 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்கு இறப்பைத் தெரிவித்தால், மூன்று மாதங்கள் வரை அதைத் தமக்கு மாற்றப்பட்டதுபோலப் பயன்படுத்தலாம். அந்த மூன்று மாதங்களுக்குள் படிவம் 31 கொடுத்துத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தக் குடும்பம் இரண்டையும் செய்யவில்லை. துக்கத்தில் இருக்கும் வீட்டில் கார் பதிவு யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவதில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2021 முதல் ஆர்.சி.யில் நியமனதாரர் (நாமினி) பெயரைச் சேர்க்கும் வசதி இருக்கிறது. கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதைப் பயன்படுத்திக்கொண்டால் இத்தகைய அலைச்சல் பெருமளவு குறையும்.

அடுத்து எழுந்த கேள்வி, வாரிசுகள் யார் யார் என்பது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள், உயிரோடு இருந்தால் தாய் ஆகியோருக்குச் சமப் பங்கு உண்டு. இங்கே இறந்தவரின் மனைவி (அந்த இளைஞரின் தாயார்), மகன், திருமணமான இரண்டு மகள்கள் என நால்வர் இருந்தனர். தந்தை ஓய்வுபெற்ற அரசு ஊழியர் என்பதால் குடும்ப ஓய்வூதியத்துக்காக வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்று ஏற்கெனவே கையில் இருந்தது. அது இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கொள்முதல் நடந்திருக்குமா என்பது ஐயமே.

பெங்களூரில் வசிக்கும் இளைய மகளுக்கு வண்டி விற்பனைக்கு வந்திருப்பதே தெரியாது. அவரிடம் பேசாமல் முன்பணம் தர மாட்டேன் என்று என் உறவினர் உறுதியாக நின்றார்; இந்த நிகழ்வில் அவர் எடுத்த மிகச் சரியான முடிவு அதுவே என்று கருதுகிறேன். அந்தப் பெண் தொலைபேசியில் கோபப்படவில்லை. விற்பதற்கு மறுப்பு இல்லை என்றும், பணம் அம்மாவின் கணக்கில்தான் சேர வேண்டும் என்றும், அம்மாவிடம் நேரில் கேட்டீர்களா என்றும் கேட்டார். உண்மையில் நாங்களும் அதுவரை அந்த அம்மாவிடம் முறையாகப் பேசியிருக்கவில்லை. அவர் உள்ளே இருந்தபடி எங்களுக்கு மோர் மட்டும் கொடுத்தனுப்பியிருந்தார். மறுமுறை சென்றபோது அவரைத் திண்ணையில் உட்காரச் சொல்லி, “அம்மா, வண்டியைக் கொடுக்கிறதுல உங்களுக்குச் சம்மதமா?” என்று என் உறவினர் கேட்டார். “பையனுக்கு ஓட்டத் தெரியும், ஆனா நிக்குதே சும்மா. கொடுத்துடலாம் சார். எங்க ரெண்டு பொண்ணுங்களும் ஒத்துக்கணும்” என்றார் அவர். அன்றிலிருந்து விற்பவர் அந்த அம்மாதான், மகன் உதவியாளர். மகனும் இரண்டு மகள்களும் முத்திரைத்தாளில் ஒப்புதல் எழுதிக் கொடுக்க, வண்டியை முதலில் தாயார் பெயருக்கு மாற்றுவது, பிறகு அவர் என் உறவினருக்கு விற்பது என்று முடிவாயிற்று.

இதற்கிடையில் இன்னொரு தடையும் வெளிப்பட்டது. ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் நீக்கப்படாமல் இருந்தது. கடன் 2021லேயே அடைபட்டுவிட்டது. ஆனால் அப்போது கொடுத்த தடையின்மைச் சான்றைத் தந்தை எங்கே வைத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. கடன் முடிந்தவுடன் படிவம் 35 கொடுத்து அந்தப் பதிவை நீக்காமல் விடுவோர் ஏராளம். தவணை முடிந்தால் வண்டி தானாகவே தம்முடையதாகிவிடும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அந்த நிறுவனத்திடம் மீண்டும் சான்று வாங்கி, படிவம் 35ஐயும் படிவம் 31ஐயும் கிருஷ்ணகிரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து, தாயார் பெயரில் ஆர்.சி. வந்து சேரச் சில வாரங்கள் ஆயின. அந்தக் காலத்தில் என் உறவினர் கொடுத்திருந்தது 10,000 ரூபாய் முன்பணம் மட்டும். பெயர் மாற்றம் நடக்காவிட்டாலோ, வண்டியை ஓட்டிப் பார்த்து நிறைவு ஏற்படாவிட்டாலோ அது திரும்பத் தரப்படும் என்று எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்ட ரசீது அதற்கு இருந்தது.

ஓட்டிப் பார்த்தல் ஏன் தள்ளிப்போனது

வழக்கமாக வண்டியைப் பார்த்த அன்றே ஓட்டிப் பார்ப்பார்கள். நாங்கள் அதைத் தள்ளிவைத்தோம். காரணம் காப்பீடு. தந்தை இறந்த பிறகும் மகன் தந்தையின் பெயரிலேயே காப்பீட்டைப் புதுப்பித்திருந்தார். காப்பீடு பெற்றவர் இறந்தால் ஒப்பந்தம் மூன்று மாதங்கள் அல்லது காலம் முடியும் வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரைதான் வாரிசுகளுக்குப் பயன்படும். அதற்குள் அவர்கள் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இறந்தவரின் பெயரில் புதிதாக எடுத்த காப்பீட்டை நம்பிச் சாலையில் வண்டியை இறக்குவது, குறிப்பாக இந்தப் பகுதியின் தேசிய நெடுஞ்சாலைகளில், பொறுப்பற்ற செயல். என் பணியில் இத்தகைய கோப்புகள் மறுக்கப்பட்டுக் குடும்பங்கள் நிலைகுலைந்து நிற்பதைப் பார்த்திருப்பதால், இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

எனவே முதல் கட்டமாக வண்டி கொட்டகையில் நின்றபடியே சோதிக்கப்பட்டது. காலையில் குளிர்ந்த நிலையில் மெக்கானிக் ஸ்டார்ட் செய்தார். குளிர்ந்த என்ஜின் மட்டுமே உண்மை சொல்லும் என்பதால், யாரும் முன்கூட்டி ஓட விடக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தோம். என்ஜின் ஆயில் எரிவதைக் காட்டும் நீலப் புகை இல்லை. ஆயிலில் நீர் கலந்ததைக் காட்டும் வெண்ணிறப் பிசுக்கு ஆயில் மூடியின் உட்புறத்தில் இல்லை. சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்திருந்தன. முன்சக்கரங்களுக்கு மேலுள்ள ஃபெண்டர் தகடுகளின் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இல்லை, அதாவது அவை கழற்றப்படவில்லை. வலது பின்கதவில் மட்டும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த அடையாளம் இருந்தது, அதை மகனே முன்கூட்டிச் சொல்லியிருந்தார். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தின் பதிவுகளில் 2021இல் 44,000 கிலோமீட்டர் என்று இருந்தது. பெடல் ரப்பரின் தேய்மானமும் மீட்டர் திருப்பப்படவில்லை என்பதையே காட்டியது. டயர்களில் 2318 என்ற எண் இருந்தது. 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானவை என்பது அதன் பொருள். டயரின் மேற்பரப்பு மேடுகளான பட்டன் தேயாமல் இருந்தாலும் அந்த வயது ரப்பரை நம்ப முடியாது.

ரேடியேட்டரில் என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டுக்குப் பதிலாக ஆழ்குழாய்க் கிணற்று நீர் இருந்தது. இந்த இரு மாவட்டங்களிலும் நான் மீண்டும் மீண்டும் காணும் குறை இது. இங்குள்ள நிலத்தடி நீர் பல இடங்களில் கடினமானது. சூடேறும்போது உப்புகள் படிந்து ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைத்துவிடும். மெக்கானிக் அதைக் கழுவி முறையான கூலன்ட் ஊற்ற வேண்டும் என்றார். ரேடியேட்டரையே மாற்ற வேண்டியிருக்குமா என்பது ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

தாயார் பெயரில் ஆர்.சி.யும் காப்பீடும் வந்த பிறகு, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர்ப் பாதையில் மேலுமலை ஏற்றத்துக்கு வண்டியை எடுத்துச் சென்றோம். பழைய வண்டியைச் சோதிக்க இந்தப் பகுதியில் அதைவிடப் பொருத்தமான சாலை இல்லை. நீண்ட ஏற்றத்தில் நான்காவது கியரில் அழுத்தியபோது என்ஜின் சத்தம் மட்டும் உயர்ந்து வேகம் ஏறாமல் போனால் கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது என்று பொருள். இங்கே அப்படி இல்லை. வண்டியின் மின்னணுத் தகவல்களைப் படிக்கும் ஓ.பி.டி. கருவியைச் செருகிக் கூலன்ட் வெப்பநிலையைக் கவனித்தபடியே ஏறினோம், அளவு மீறவில்லை. இறக்கத்தில் பிரேக் பிடித்தபோது ஸ்டியரிங்கில் மெல்லிய அதிர்வு தெரிந்தது. முன்பக்க டிஸ்க்குகள் சீராக்கப்பட வேண்டும்.

விலையும் பணமும்

விலை பேசுவதில் அதிக நேரம் போகவில்லை. நான்கு டயர்கள், பிரேக் டிஸ்க், கூலிங் வேலை ஆகியவற்றுக்கான மதிப்பீட்டை மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி, அதைத் தாயாரிடமும் மகனிடமும் காட்டினோம். குறைகளை மிகைப்படுத்தாமல் காட்டியதால் அவர்களும் முரண்டு பிடிக்கவில்லை. 3,12,000 ரூபாய்க்கு முடிந்தது. விற்பவர் வீட்டு உறவினர் ஒருவர், பாதியை ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாமே என்று அவர்களுக்கு யோசனை சொல்லியிருந்தார். ஒரே பரிவர்த்தனையில் இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது, மீறினால் பெற்ற தொகைக்கு இணையான தண்டம் பெற்றவர் மீதே விழும். பாதித் தொகை அந்த வரம்புக்குள் வந்தாலும், மகள்கள் விரும்பியபடி முழுத் தொகையும் தாயாரின் வங்கிக் கணக்குக்குச் செல்வதே அனைவருக்கும் நல்லது என்று ஏற்கப்பட்டது.

வண்டி கைமாறிய நாளில் தேதியோடு மணியையும் குறிப்பிட்டு ஒப்படைப்புச் சீட்டு எழுதினோம். விற்பவரின் பாதுகாப்புக்கு அது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில், பலர் கைமாறிய பின்னும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் கூறியது. மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாள்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த அம்மா அதுவரை காத்திருக்கவில்லை. ஒப்படைத்த அன்றே அலுவலகத்துக்கு வந்து, படிவம் 29லும் 30லும் என் உறவினரின் பெயர், தேதி, முகவரி அனைத்தும் நிரப்பப்பட்டிருப்பதை மகனைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே தமிழில் கையொப்பமிட்டார்.

காப்பீட்டில் மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு விற்பனையோடு வாங்கியவருக்கு மாறியதாகச் சட்டம் கருதும். சொந்த வண்டியின் சேதத்துக்கான பாதுகாப்பு அவ்வாறு மாறாது, அதற்கு 14 நாள்களுக்குள் விண்ணப்பித்துப் பெயரை மாற்றியாக வேண்டும். பழைய உரிமையாளரின் இழப்பீடு கோராத் தள்ளுபடி வண்டியோடு வராது என்பதால் அதற்குரிய வித்தியாசத் தொகையை என் உறவினர் கட்டினார். தந்தையின் வங்கிக் கணக்கோடு இணைந்திருந்த ஃபாஸ்டேக் முடக்கப்பட்டுப் புதியது ஒட்டப்பட்டது. டயர்கள் மாற்றப்பட்டன. ஆர்.சி. அவர் பெயரில் வந்த வாரத்திலேயே நியமனதாரராகத் தம் மனைவியின் பெயரைச் சேர்க்க அவர் விண்ணப்பித்துவிட்டார்.